செட்டர் தம்பி வந்த வெள்ளிக்கிழமை

கொரோனா ஓய்ந்து, விட்டுப்போன உற்பத்தியை எல்லாம் ஒரே மூச்சில் பிடித்துவிட வேண்டும் என்று ஓசூர் கம்பெனிகள் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம்.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான கையோடு பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள். என் கணவர் வண்டிகளுக்குத் தகட்டு பாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஆபரேட்டர். நான் கார்மென்ட்ஸில் தையல். பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் தெலுங்கு. தண்ணீர் லாரி வரும் நாளில் மூன்று பாஷையையும் கலந்து சண்டை போடும் அளவுக்கு நானும் தேறியிருந்தேன்.

பிரஸ் மெஷின் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலிருந்து ஒரு பெரிய இரும்பு இறங்கி, கீழே வைத்த தகட்டை ஒரே அடியில் வெட்டிவிடும். அது இறங்கும்போது கை உள்ளே இருந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் பத்திரம். ஆனால் அப்படிச் செய்தால் நேரம் பிடிக்கும். அதனால் ஒரு பட்டனை அழுத்தினபடியே டேப் சுற்றி ஒட்டிவிடுவார்கள். அதன்பின் ஒரு கை தகட்டை வைக்கும், மற்றொரு கை பட்டனை அழுத்தும். வேலை பறக்கும். டார்கெட் சீக்கிரம் முடியும். டீக்கு உட்கார நேரம் கிடைக்கும். இது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார்கள்.

மெஷினை வேலைக்குத் தயார் செய்து ஆபரேட்டரிடம் ஒப்படைப்பவருக்கு செட்டர் என்று பெயர். என் கணவருடைய மெஷினுக்கு இருந்த செட்டர் மத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்களைவிட வயதில் சின்னவர். ஊரில் மாந்தோப்பும் கொஞ்சம் நிலமும் உண்டு. என் கணவரை அண்ணன் என்பார், என்னை அண்ணி என்பார். மாம்பழ சீசனில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே கூட வராமல் போய்விடுவார். நானும் அவரை செட்டர் தம்பி என்றுதான் சொல்வேன்.

ஒருநாள் காலை, நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது சூப்பர்வைசர் வந்து, உன் வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்கிறது, கிளம்பு என்றார்.  பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அத்திப்பள்ளி தாண்டும் வரை வண்டி ஊர்ந்தது. அத்தனை லாரிகளையும் திட்டிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தபோது அவருடைய வலது கை ஒரு பெரிய வெள்ளைப் பொட்டலமாக இருந்தது. உள்ளே கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம் என்று நர்ஸ் கன்னடத்தில் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னார். முதல் தடவையே புரிந்துவிட்டது.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கம்பெனியில் விசாரணை முடிந்துவிட்டது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். பட்டனில் டேப் எதுவும் இல்லை, மெஷின் சரியாகத்தான் இருந்தது என்று சாட்சி சொன்னவர் வேறு யாருமில்லை, செட்டர் தம்பிதான்.

காலையில் அந்தப் பட்டனில் டேப் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அதை ஒட்டியதே செட்டர் தம்பிதான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதிகாரிகள் வந்து பார்க்கும்போது டேப் இல்லை. இடையில் அதை யார் பிரித்திருக்க முடியும்? அடிபட்டதும் முதலில் ஓடிவந்தவரும் அவர்தான். பார்க்க வந்த சிநேகிதர்கள் இதையெல்லாம் என் காதில் போட்டுவிட்டு, "நாங்க சொன்னோம்னு சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து என்னை ஒரு கேள்வி அரிக்க ஆரம்பித்தது. பொய் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும். பயத்தில் மனிதன் பொய் சொல்வான். ஆனால் அந்த டேப்பை அவர் எப்போது பிரித்தார்? என் கணவரைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து பிரித்தாரா? அல்லது ரத்தம் கொட்டிக்கொண்டு ஒரு மனிதன் கீழே உட்கார்ந்திருக்க, முதலில் டேப்பைப் பிரித்துவிட்டு அப்புறம்தான் அவரைத் தொட்டாரா? கணவரிடமே கேட்டேன். "மயக்கம் வந்துட்டு. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார்.

அப்புறம் வந்த மாதங்களைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. கம்பெனி அவரை வெளியே தள்ளவில்லை, கேட்டில் போட்டது. லாரி வந்தால் தடுப்புக் கம்பை ஏற்றி இறக்கும் வேலை. வெயிலில் நிற்க வேண்டும். வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்தால் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவார். கல்யாண வீடுகளுக்குப் போனால் பந்தியில் உட்கார மாட்டார், வயிறு சரியில்லை என்று சொல்லி வெளியே நிற்பார். நான் தையலுக்கும் போய்விட்டு, வீட்டு வேலையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் கட்டிலில் விழும்போது இடுப்பு கழன்று தனியாகக் கிடப்பது மாதிரி இருக்கும். அந்த நேரத்திலும் செட்டர் தம்பியைத் திட்ட மட்டும் எனக்குத் தெம்பு இருந்தது.

இதில் என்ன கொடுமை என்றால், அந்த ஆள் தினமும் அதே கேட் வழியாகத்தான் உள்ளே போவார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாராம். என் கணவர் இடது கையைத் தூக்கி வணக்கம் வைப்பாராம்! எதிர் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அன்று வீட்டில் நான் போட்ட சத்தத்தில் மூன்று பாஷைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது சின்ன வயதிலிருந்தே பழக்கம். கோயிலில் ஃபாதர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்தாலே எனக்குத் தலைவலி வரும். அவருக்கு விரல் பத்தும் சரியாக இருக்கிறது, பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒரு அம்மா, "ஆண்டவரே சிலுவையில மன்னிச்சாரு, நீங்க மன்னிக்கக் கூடாதா?" என்று கேட்டார். "அவரு ஆண்டவரு. நான் கார்மென்ட்ஸ்ல டெய்லர்" என்றேன். அதற்குப் பிறகு அந்த அம்மா என் பக்கத்தில் உட்காருவதில்லை.

அடுத்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் காற்று திசை மாறியது. பாகம் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வந்தபோது, வேறொரு மெஷினில் டேப் ஒட்டியிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். பொறுப்பு செட்டர் தம்பி. அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டு, மறுபடியும் விசாரணை வைத்தார்கள். பழைய விஷயமும் கிளம்பியது. மேனேஜர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு டேப் ஒட்டியது செட்டர்தான், அவன் பேச்சைக் கேட்டுத்தான் அடிபட்டேன் என்று விசாரணையில் சொல், கவனக்குறைவு என்று எழுதியதை மாற்றி விடுகிறோம், ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் தருகிறோம் என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இது பொய் கூட இல்லையே. நடந்ததைச் சொன்னால் போதும். அவர் பேரில் விழுந்த பழி போகும், வெயில் போகும். பொய் சொன்னவனுக்கு வேலையும் போகும். கடவுள் இருக்கிறார் என்று அன்று நான் மனதார நம்பினேன்.

விசாரணை நாளன்று அவருக்கு நல்ல சட்டையாக எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஈஸ்டருக்கு முன்னால் ஃபாதரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருந்தார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்தேன். ஏதோ கோளாறு செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

"என்ன சொன்னிய?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"அதான் என்ன சொன்னிய?"

மெதுவாகத்தான் சொன்னார். டேப் ஒட்டியது யார் என்று கேட்டிருக்கிறார்கள். இவர், "ஒட்டியிருக்குன்னு எனக்கும் தெரியும் சார், வேலை சீக்கிரம் முடியும்னு நானும் ஆசப்பட்டுத்தான் மெஷின ஓட்டினேன்" என்று தன்னில் ஆரம்பித்திருக்கிறார். செட்டர்தான் ஒட்டினார், ஆனால் டார்கெட் முடியவில்லை என்று அவரை நெருக்கியது ஷிப்ட் சூப்பர்வைசர், டேப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனதும் அவர்தான், அந்தத் தம்பி மட்டும் தண்டனை அனுபவிப்பது நியாயமில்லை என்று முடித்திருக்கிறார்.

நான் கத்திவிட்டேன். "ஒங்க தப்ப யாரு கேட்டா? அவன் செஞ்சத மட்டும் சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"பாவசங்கீர்த்தனத்துல அடுத்தவன் பாவத்தையா சொல்லுவோம்? நம்ம பாவத்தத்தான மொதல்ல சொல்லணும்."

"அது கோயிலு, இது கம்பெனி. அங்க ஃபாதரு, இங்க மேனேஜரு. வித்தியாசம் தெரிய வேண்டாமா ஒங்களுக்கு?"

 சட்டையைக் கழற்ற என் உதவிக்காக எப்போதும் போல வந்து நின்றார், அன்று நான் போகவில்லை. தானாகவே கழற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் பயந்தது போலவே நடந்தது. கோயிலில் தன் தப்பைச் சொன்னால் மன்னிப்பு கிடைக்கும், கம்பெனியில் அதையே பேனா பிடித்து எழுதிக்கொண்டார்கள். ஆபரேட்டரே ஒத்துக்கொண்டுவிட்டாரே என்று பழைய முடிவு அப்படியே நின்றது. ஸ்டோர் வேலை போயிற்று. செட்டர் தம்பியை நீக்கினால் சூப்பர்வைசரையும் இழுக்க வேண்டிவரும் என்பதால் அவரை நீக்கவில்லை. செட்டர் வேலையிலிருந்து இறக்கி ஹெல்பராகப் போட்டார்கள். வேலை தப்பித்தது. எங்களுக்கு மட்டும் கேட்டும் வெயிலும். சில நாள் நான் கணவரிடம் பேசவில்லை. கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். நல்லவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு களைப்பான வேலை என்று யாரும் எழுதுவதில்லை.

அந்த வருஷம் பெரிய வெள்ளி அன்று மதியம். எங்களுக்கு ஒருசந்தி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மதியம் பயறு போட்ட கஞ்சியும் தேங்காய்த் துவையலும் மட்டும். குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும். அப்போது வாசலில் நிழல் தெரிந்தது. செட்டர் தம்பி. ஆள் பாதியாக மெலிந்திருந்தார். கையில் ஒரு பை. வாசலில் வைத்துவிட்டுப் போகும் பழைய வழக்கம் போல அதை வைத்துவிட்டு, போகாமல் நின்றார். பையிலிருந்து மட்டன் பிரியாணி வாசனை கும்மென்று வந்தது.

பெரிய வெள்ளியன்று!  "இன்னைக்கு நாங்க கறி தொட மாட்டோம்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஐயோ அண்ணி, எனுக்குத் தெரியாதுங்க. அண்ணனுக்குப் புடிக்குமேன்னு வாங்கியாந்தேங்க" என்று அந்தப் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழித்தார். என்னதான் கோபம் இருந்தாலும் அந்த முழி ஒரு கணம் சிரிப்பை வரவழைத்தது. என் கணவர், "எதுத்த வீட்டுப் பிள்ளையளுக்குக் குடுத்துட்டு உள்ள வாடே" என்றார். அவரும் அப்படியே கொடுத்துவிட்டு வந்து, சுவரோரமாக உட்கார்ந்தார்.

"கஞ்சி ஊத்துட்டி" என்றார் என் கணவர் என்னிடம்.

ஊற்றினேன். கிண்ணத்தை செட்டர் தம்பி முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. என் கணவர் இடது கையால் கிண்ணத்தைத் தூக்கி, வலது கையின் இரண்டு விரல்களால் அடியில் முட்டுக் கொடுத்துக் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று எனக்குத் தோன்றியது. ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும் தம்பி. அன்னைக்கு நீரு மொதல்ல டேப்பப் பிரிச்சீரா, இல்ல இவுகளப் பிடிச்சீரா?"

"சும்மா கிடட்டி" என்றார் என் கணவர் அவசரமாக.

செட்டர் தம்பி தலை நிமிரவில்லை. அண்ணனை வண்டியில் ஏற்றிவிட்ட பிறகுதான் டேப்பைப் பிரித்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். எனக்கு வேறு சாட்சி இல்லை. அவருக்கும் அது தெரியும்.

"மொதல்ல டேப்பத்தாங்க அண்ணி பிரிச்சேன். பிரிச்சு ஜோபில வெச்சிகினு அப்புறந்தான் அண்ணனப் புடிச்சேன்." குரல் உடைந்துவிட்டது. "அண்ணன் கீழ உக்காந்துகினு என்னியேதான் பாத்துகினு இருந்தாரு. ஒரு வார்த்த கேக்கலீங்க. அந்தப் பார்வ இன்னும் என்ன வுடலீங்க."

எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்க நேரம் பிடித்தது. நான் கணவர் பக்கம் திரும்பினேன்.

"மயக்கம்னு சொன்னியளே?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். திருடும்போது பிடிபட்டவர் போல முழித்தார். "சொன்னா நீ இவன ஆயுசுக்கும் விட்டிருக்க மாட்ட. அதான் சொல்லல" என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல், கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டேப்பு பிய்ய மாட்டேங்கு. நகத்தால பிறாண்டுதான். கை கிடந்து நடுங்குது. அழுதுக்கிட்டே பிறாண்டுதான். எனக்கு வலி தெரிய அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில படுத்துக்கிடந்து யோசிச்சுப் பாத்தேன். நான் செட்டராவும் இவன் ஆபரேட்டராவும் இருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? கையத்தான் மொதல்ல பிடிச்சிருப்பேன்னு சத்தியம் பண்ண எனக்கு வாய் வரல."

செட்டர் தம்பி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வளர்ந்த ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே நின்று நானும் அழுதேன். போன விரல்களுக்காகவா, ஒரு வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டில் வணக்கம் வைத்த அந்த மனிதருக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. திரும்பி வந்தபோது செட்டர் தம்பியின் கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை எடுத்துப் போய்ச் சட்டியில் கொட்டி, சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தேன். "குடியும். கோயிலுக்கு நேரமாகுது" என்றேன். வேறு நல்ல வார்த்தை எதுவும் என்னிடம் அப்போது இல்லை.

அவர் குடித்தார். நாங்கள் கோயிலுக்குக் கிளம்பும்போது எங்களோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தார். 

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. என் கணவர் இன்னும் கேட்டில்தான் நிற்கிறார். பழைய முடிவு யாரும் மாற்றாமல் அப்படியே இருக்கிறது. செட்டர் தம்பி அவ்வப்போது வருவார், வந்தால் காபி போடுவேன். அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், முழுதாக ஆம் என்று சொல்லத் தைரியமில்லை. வேலை முடிந்து உடம்பு வலிக்கும் நாட்களில் பழைய கோபம் வருகிறது, வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறது. அப்போதெல்லாம், அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எதையும் யோசிக்காமல் ஓடிப்போய் அந்தக் கையைத்தான் முதலில் பிடித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன், ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு தடவைகூட அதை முழுதாகச் சொல்லி முடிக்க என்னால் முடிந்ததில்லை.